ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றாதீர்கள் தம்பி, கோளாறு அதில் இல்லை

தம்பி கேட்டது இதுதான். தோட்டத்தில் கிராணியாக இருந்த அப்பா ஓட்டிய 1971 ஹோண்டா சிபி 350, பதினைந்து வருடம் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கிடந்தது. போன தீபாவளிக்குப் பிறகு வெளியே எடுத்து, பிரேமைப் பவுடர் கோட்டிங் போட்டு, ஹேண்டிலுக்குப் புதிதாகக் குரோம் பூசி, புது பேட்டரியும் வாங்கி வைத்திருக்கிறார். கிக் அடித்தால் இரண்டாவது மூன்றாவது மிதியில் பிடித்துக்கொள்கிறது. ஆனால் பட்டனை அமுக்கினால் ஒரு நேரம் சத்தமே இல்லை, ஒரு நேரம் ‘டக்’ என்று ஒரு தட்டு, ஒரு நேரம் ‘விர்ர்ர்’ என்று ஏதோ சுற்றுகிறது, எஞ்சின் அசையவே இல்லை. ஒர்க்‌ஷாப்பில் ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது, முழுசாக மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம். ‘விர்ர்ர்’ என்று சுற்றுகிற மோட்டாருக்கு உயிர் இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு இன்னொன்றைப் போட்டாலும் அதே மூன்று கூத்தும் நடக்கும். கிக்கில் எஞ்சின் பிடிக்கிறது என்றால் பிளக், பாயிண்ட், கார்புரேட்டர், கம்பிரஷன் எல்லாம் ஓரளவுக்குச் சரியாகத்தான் இருக்கின்றன, அந்தப் பக்கம் யாரையும் கை வைக்க விடாதீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது ஒரு நோய் இல்லை, இரண்டு நோய். மௌனமும் ‘டக்’கும் நீங்கள் அடித்த புதுப் பெயின்டாலும் குரோமாலும் வந்தவை. ‘விர்ர்ர்’ பதினைந்து வருடம் சும்மா நின்றதால் வந்தது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டால் பணம்தான் போகும்.

நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து ஆலையில் வயர்மேனாக வேலை பார்த்தவன். ஜென்செட் ஸ்டார்ட் ஆகவில்லை என்று நடு ராத்திரியில் கூப்பிட்டால் டார்ச் லைட்டோடு போய் நின்று பழகிய கை இது. பழைய ஹோண்டா இரண்டு வைத்திருக்கிறேன். பல வருடத்துக்கு முன்னால் என் வண்டியிலும் இதே ‘டக்’ வந்தது, இதே மாதிரி ஒரு கடையில் மோட்டாரை மாற்றச் சொன்னார்கள், நானும் நம்பி மாற்றினேன், மறுநாள் காலையில் பசியாறிவிட்டு வந்து பட்டனை அமுக்கினால் அதே ‘டக்’. அப்புறம் கோபத்தில் பேட்டரி நெகட்டிவிலிருந்து வண்டி உடலுக்குப் போகிற எர்த் கேபிளைக் கழற்றிக் கத்தியால் நீளவாக்கில் கீறிப் பார்த்தேன். மேலே கறுப்பு உறை புதுசு மாதிரி இருந்தது. உள்ளே செம்புக் கம்பி முழுக்கப் பச்சையும் கறுப்புமாகக் களிம்பேறி, விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது, பளபளப்பாக இருந்தவை ஏழெட்டு இழைதான். அந்தத் துண்டை இன்னும் டூல் பெட்டியில் வைத்திருக்கிறேன், வேலை பழக வருகிற பிள்ளைகளுக்கு முதலில் அதைத்தான் காட்டுவேன்.

ஏன் அதைச் சொல்கிறேன் என்றால், ஸ்டார்ட்டர் மோட்டார் திரும்ப ஆரம்பிக்கிற நொடியில் நூறு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். வண்டியில் வேறு எதுவும் அதில் பத்தில் ஒரு பங்குகூட இழுக்காது. நூறு ஆம்பியர் போகிற பாதையில் எங்கேயாவது 0.02 ஓம் தடை இருந்தால் போதும், அந்த ஓர் இடத்திலேயே இரண்டு வோல்ட் நின்றுவிடும், 200 வாட் சூடாக வீணாகும். லைட், ஹார்ன் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும், ஏனென்றால் அவற்றுக்கு நான்கைந்து ஆம்பியர் போதும். அதனால்தான் ‘லைட் நல்லா எரியுது அண்ணே, அப்போ வயர் நல்லாத்தான் இருக்கு’ என்று எல்லாரும் ஏமாந்துபோகிறார்கள். மல்டிமீட்டரை ஓமில் வைத்து கேபிளைச் சோதிப்பதும் இதே ஏமாற்றுதான். மீட்டர் அனுப்புவது துளி மின்சாரம், ஒரே ஓர் இழை மிச்சம் இருந்தால்கூட பூஜ்யம் என்று காட்டிவிடும்.

முதலில் பேட்டரி. புதுசுதானே என்று விட்டுவிடாதீர்கள். ஆசிட் ஊற்றுகிற வகை என்றால், கடையில் ஊற்றி அரை மணி நேரத்தில் கையில் கொடுத்துவிடுவார்கள், அந்த நிலையில் அது முழுசாக ஏறியிருக்காது. இந்த வண்டிக்கு 12 வோல்ட் 12 ஆம்பியர்-மணி பேட்டரி, ஒன்று அல்லது 1.2 ஆம்பியரில் மெதுவாக ஏற்றி, சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.6-க்கு மேல் நிற்க வேண்டும். பட்டனை அமுக்கும்போது பேட்டரி முனைகளில் பத்து வோல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றால் பேட்டரி நல்லது. எட்டு, ஏழு என்று விழுந்து ‘டக்கடக்கடக்’ என்று சொலினாய்ட் (பட்டனை அமுக்கினால் பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்குச் சேர்க்கிற சுவிட்ச்) படபடத்தால், பேட்டரியையே கடையில் திருப்பிக் கொடுத்துப் பேசுங்கள்.

இப்போது எர்த். உங்கள் வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான், ஏனென்றால் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் இந்தத் தொல்லை இருந்ததாக நீங்கள் எழுதவில்லை. பேட்டரியின் நெகட்டிவ் கேபிள் பிரேமில் ஒரு போல்ட்டில் உட்காருகிறது, அங்கிருந்துதான் எஞ்சினுக்கும் மோட்டார் உடலுக்கும் எர்த் போக வேண்டும். பவுடர் கோட்டிங் என்பது சூடாக்கி உருக்கி ஒட்டிய பிளாஸ்டிக் மாதிரி ஒரு தோல், மின்சாரம் அதன் வழியாகப் போகவே போகாது. போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சம் கசிந்து போய்க்கொண்டிருக்கும், அது லைட்டுக்குப் போதும், ஸ்டார்ட்டருக்குப் போதாது. எஞ்சினைப் பிரேமில் மாட்டுகிற போல்ட் இருக்கும் இடங்களிலும் இதே கதை.

சோதனை ரொம்ப எளிது. மீட்டரை வோல்ட்டில் வையுங்கள். கறுப்புக் குச்சியைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழிலேயே வையுங்கள், கிளிப்பில் வேண்டாம். சிவப்பை எஞ்சின் உடலில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட் தலையில் வையுங்கள். வண்டி நியூட்ரலில் இருக்கட்டும். யாரையாவது பட்டனை இரண்டு மூன்று நொடி அமுக்கச் சொல்லுங்கள், அதற்கு மேல் வேண்டாம். 0.2, மிஞ்சினால் 0.3 வோல்ட் காட்டினால் எர்த் நல்லது. ஒன்று, இரண்டு, ஐந்து என்று ஏறினால் குற்றவாளி கையில் கிடைத்துவிட்டான். ‘டக்’ வருகிற நேரத்தில்தான் அளக்க வேண்டும், மோட்டார் நன்றாகச் சுற்றும்போதோ பட்டன் அமுக்காதபோதோ அளந்தால் ஒன்றும் தெரியாது. பிறகு பாசிட்டிவ் பக்கமும் இதே மாதிரி, சிவப்பு பேட்டரிக் குமிழில், கறுப்பு மோட்டாரின் செம்பு முனையில். அங்கே அரை வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம்.

எர்த் கெட்டிருந்தால், கேபிள் உட்காரும் இடத்தில் ஒரு வளையம் அளவுக்கு மட்டும் பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிய வையுங்கள். புதுப் பெயின்ட்டைச் சுரண்ட மனசு வராது, தெரியும், ஆனால் வேறு வழி இல்லை. பல் வாஷர் போட்டு இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள், நம் ஊர் ஈரத்துக்கு அது இல்லாவிட்டால் ஆறே மாதத்தில் துரு திரும்ப வந்துவிடும். அதோடு பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக எஞ்சின் போல்ட் ஒன்றுக்கு, 16 சதுர மில்லிமீட்டர் கேபிளில் இன்னொரு எர்த் போட்டுவிடுங்கள். ஹோண்டா போட்டதில்லையே என்று சிலர் தடுப்பார்கள். ஹோண்டா விற்றபோது அந்தப் பிரேமில் பவுடர் கோட்டிங்கும் இருந்ததில்லை.

எர்த் சரி, ‘டக்’ மட்டும் போகவில்லை என்றால் சொலினாய்ட். அதன் உள்ளே ஒரு செம்புத் தட்டு குதித்து இரண்டு முனைகளைச் சேர்க்கிறது, அந்தச் சத்தம்தான் ‘டக்’. ஒவ்வொரு முறையும் பொறி பறந்து தட்டு கருகிப்போகும். பெரிய முனை இரண்டுக்கும் நடுவே, பட்டன் அமுக்கியிருக்கும்போது அளந்து பாருங்கள், 0.2-க்கு மேல் என்றால் தட்டு தீய்ந்துவிட்டது. மாற்றிவிடுங்கள், விலை குறைந்த சாமான்தான், பொருந்துகிறது ஈப்போவில் தேடினால் கிடைக்கும். பழைய ஸ்பானரை வைத்து இரண்டு முனையையும் சேர்த்துப் பார்க்கிற வழக்கம் ஒன்று உண்டு. செய்யலாம், ஆனால் மோதிரம், கைக்கடிகாரம் கழற்றிவிட்டு, பெட்ரோல் கசிவு இல்லை என்று பார்த்துவிட்டு, அப்போதுதான் சார்ஜ் ஏற்றி முடித்த பேட்டரிக்குப் பக்கத்தில் இல்லாமல். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், ஒரு பொறி போதும்.

மௌனத்துக்கு வருகிறேன், இது சின்ன விஷயம். இந்த வண்டியில் பட்டன் சொலினாய்டுக்கு 12 வோல்ட்டை அனுப்புவதில்லை. சாவி போட்டதுமே கறுப்பு வயரில் 12 வோல்ட் வந்து சொலினாய்டில் காத்திருக்கும். பட்டன் செய்வதெல்லாம் மஞ்சள்-சிவப்பு வயரை ஹேண்டில் வழியாக எர்த்தில் சேர்ப்பதுதான். நீங்கள் ஹேண்டிலுக்குக் குரோம் பூசி, அது உட்காரும் கிளாம்புக்குப் பெயின்டும் அடித்திருப்பீர்கள், எர்த் போகிற வழி அடைபட்டுவிட்டது. சாவியைப் போட்டு, சொலினாய்டுக்குப் பக்கத்தில் அந்த மஞ்சள்-சிவப்பு வயரின் சாக்கெட்டைப் பிரித்து, சொலினாய்ட் பக்கத்து முனையை எஞ்சினில் தொட்டுப் பாருங்கள். உடனே ‘டக்’ என்றோ ‘விர்ர்ர்’ என்றோ பேசினால், தப்பு பட்டனிலோ ஹேண்டில் எர்த்திலோ. பட்டன் பெட்டியைத் திறந்து செம்பு முனைகளைத் தேய்த்துவிட்டு, உள்ளிருந்து ஒரு மெல்லிய பச்சை வயரை ஹெட்லைட்டுக்குள்ளே இருக்கும் எர்த்தோடு சேர்த்துவிடுங்கள். திறக்கும்போது கவனம், கொட்டகையில் பதினைந்து வருடம் என்றால் உள்ளே எறும்புப் புற்றோ பல்லி முட்டையோ இருக்கும், நான் இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

இனி ‘விர்ர்ர்’. இது வந்தவுடனே பட்டனிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும், விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தால் இப்போது சின்ன செலவில் முடிகிற வேலை பெரிய செலவாகிவிடும். ஏன் என்று சொல்கிறேன்.

ஸ்டார்ட்டர் மோட்டாரிலிருந்து ஒரு சின்ன செயின் இடப்பக்கம் ஒரு பல்சக்கரத்துக்குப் போகிறது. அந்தப் பல்சக்கரத்தின் நடுவில் வழுவழுப்பான ஒரு கழுத்து. அதைச் சுற்றி, எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிற ஜெனரேட்டர் ரோட்டரின் முதுகில் மூன்று ஸ்குருவால் மாட்டிய ஒரு கூடு. கூட்டுக்குள் மூன்று சாய்வான பள்ளம், ஒவ்வொரு பள்ளத்திலும் ஓர் உருளை, அதைக் குறுகிய பக்கம் தள்ளிக்கொண்டே இருக்க ஒரு சின்னக் குச்சியும் ஸ்பிரிங்கும். மோட்டார் சுற்றும்போது உருளைகள் குறுகிய பக்கம் போய் ஆப்பு மாதிரி இறுகிக்கொள்ளும், ரோட்டர் திரும்பும், அதோடு எஞ்சினும் திரும்பும். எஞ்சின் பிடித்து ரோட்டர் வேகமெடுத்ததும் உருளைகள் அகன்ற பக்கம் விலகிவிடும், மோட்டார் தப்பித்துக்கொள்ளும். ஸ்டார்ட்டர் கிளட்ச் என்பது இவ்வளவுதான். கிக் இந்த வழியாகப் போவதில்லை, அதனால்தான் கிக் வேலை செய்கிறது.

பழைய எஞ்சின் ஆயில் பதினைந்து வருடத்தில் அந்தப் பள்ளங்களில் பாகு மாதிரி கெட்டியாகிவிடும். உருளை நகர மறுக்கும், ஸ்பிரிங் சோர்ந்துபோயிருந்தால் இன்னும் மோசம். ஒன்றிரண்டு முறை அமுக்கினால் தற்செயலாக ஒன்று பிடித்துக்கொள்ளும், அடுத்த முறை வழுக்கும். ஒவ்வொரு வழுக்கலிலும் உருளை கழுத்தின்மேல் உராய்ந்து தழும்பு போடுகிறது. உருளை, குச்சி, ஸ்பிரிங் மூன்றும் சுலபமாகக் கிடைக்கும். கழுத்துள்ள பல்சக்கரம்தான் கிடைப்பது கஷ்டம், அதைக் காப்பாற்றத்தான் கையை எடு என்கிறேன்.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் ஆயிலை மாற்றிப் பாருங்கள். ஏறத்தாழ இரண்டு லிட்டர், மோட்டார் சைக்கிளுக்கான ஜாசோ எம்ஏ என்று போட்ட 10டபிள்யூ-40. காருக்கு விற்கிற எரிபொருள் சிக்கன ஆயிலைத் தொடாதீர்கள், இந்த எஞ்சினில் கிளட்ச் தட்டுகளும் அதே ஆயிலில்தான் குளிக்கின்றன. கிக்கில் ஸ்டார்ட் பண்ணி, குவால கங்சார் வரை பழைய ரோட்டில் நன்றாகச் சூடேற ஓட்டிவிட்டு வந்து, சூட்டோடு வடித்து மறுபடியும் புதுசு ஊற்றுங்கள். இதிலேயே சரியான வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். சரியாகவில்லை என்றால் மூடியைக் கழற்றத்தான் வேண்டும்.

நடு ஸ்டாண்டில் நிறுத்தி ஆயிலை வடித்துவிட்டு இடப்பக்க மூடியை எடுங்கள். மூடியிலேயே ஜெனரேட்டரின் அசையாத பாகமான ஸ்டேட்டர் காயில் இருக்கிறது, வயரோடு தொங்க விடாதீர்கள், பக்கத்தில் ஒரு பெட்டி வைத்து அதன்மேல் சாய்த்து வையுங்கள். கியரில் போட்டு, பின் பிரேக்கை மிதித்துக்கொண்டு ரோட்டர் நடுப் போல்ட்டைக் கழற்றலாம். ரோட்டர் கூம்புத் தண்டில் இறுகி உட்கார்ந்திருக்கும். சுத்தியலால் அடித்தால் காந்தம் கெடும், இரண்டு கால் புல்லரைப் போட்டு இழுத்தால் விளிம்பு உடையும். ரோட்டரின் நடுவில் மரை இருக்கிறது, 16 மில்லிமீட்டர், 1.5 பிட்ச், அதற்குப் பொருந்துகிற புல்லரைப் போட்டு இறுக்கிவிட்டு, புல்லர் தலையில் ஒரு தட்டு தட்டினால் ‘டொப்’ என்று கையோடு வரும். தண்டில் ‘சாவி’ என்கிற அரைவட்ட இரும்புத் துண்டு ஒன்று இருக்கும், அது தொலைந்தால் வேலை நின்றுவிடும், முதலில் அதை எடுத்து ஒரு டப்பாவில் போடுங்கள்.

அடுத்தது அந்த மூன்று ஸ்குரு, இங்கேதான் பாதிப் பேர் தோற்கிறார்கள். ஜப்பான்காரர்களின் ஜிஸ் அளவு குறுக்குவெட்டு வேறு, கடையில் சாதாரணமாக விற்கிற பிலிப்ஸ் வேறு. பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் பிலிப்ஸைப் போட்டுத் திருகினால் மேலே எழும்பி வெட்டைத் தின்றுவிடும். ஸ்குருத் தலையில் சின்னதாக ஒரு புள்ளி இருந்தால் அது ஜிஸ். அதற்கான முனையை இம்பாக்ட் டிரைவரில் மாட்டி, சுத்தியலால் ஒரே அடி, நல்ல அடி. பயந்து பயந்து பத்து அடி அடிப்பதுதான் தலையைக் கெடுக்கும். இந்த மூன்று ஸ்குருவும் தானாகவே தளர்ந்துபோயிருந்தால் அதுவே உங்கள் ‘விர்ர்ர்’ருக்குக் காரணமாக இருக்கலாம், திரும்பப் போடும்போது மரை தளராமல் பிடிக்கிற லாக்டைட் பசை கட்டாயம்.

உருளையைத் துடைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் விரலுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். நல்ல உருளையில் வெளிச்சம் கோடு மாதிரி ஒரே சீராக ஓடும். தேய்ந்த உருளையில் ஓர் இடத்தில் அந்தக் கோடு அகலமாகி ஒரு பட்டையாக மின்னும், அங்கே அது தட்டையாகிவிட்டது. ஒன்று தேய்ந்திருந்தாலும் மூன்றையும் மாற்றுங்கள், ஸ்பிரிங்கையும் சேர்த்து. பள்ளங்களை மண்ணெண்ணெயில் கழுவி, குச்சி அதன் துளையில் தடங்கல் இல்லாமல் போய்வருகிறதா என்று ஒவ்வொன்றாக அமுக்கிப் பாருங்கள். கூம்புத் தண்டையும் ரோட்டரின் உட்பக்கத்தையும் எண்ணெய் இல்லாமல் துடைத்துத்தான் திரும்ப மாட்ட வேண்டும். மாட்டுவதற்கு முன்னால் ரோட்டரின் உள்ளே கட்டாயம் பாருங்கள், காந்தம் மேசையிலிருந்த வாஷரையோ இரும்புத் தூளையோ இழுத்து வைத்திருக்கும். அப்படி ஒரு வாஷர் உள்ளே போய் ஸ்டேட்டர் காயிலை அறுத்ததை நேரில் பார்த்தேன்.

இவ்வளவு தூரம் வந்த பிறகு ஸ்டார்ட்டர் மோட்டாரையும் ஒருமுறை திறந்து பார்ப்பதில் தப்பில்லை. கார்பன் பிரஷ் ஸ்பிரிங்குக்கு எட்டாத அளவுக்குத் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். பிரஷ் உரசுகிற செம்புப் பட்டை வளையமான கம்யூட்டேட்டரை மெல்லிய மணல் தாளால் தேய்க்கலாம், எமரித் தாள் வேண்டாம், அதன் தூள் மின்சாரத்தைக் கடத்தும், பட்டைகளுக்கு நடுவில் சிக்கிக்கொள்ளும். மற்றபடி அதை விட்டுவிடுங்கள்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதீர்கள். இந்த வண்டியின் ஜெனரேட்டர் பகலில் லைட் எரியாது என்ற கணக்கில் செய்தது. நம் மலேசியாவில் 1992-லிருந்து மோட்டார் சைக்கிள் பகலிலும் லைட் போட்டுத்தான் ஓட வேண்டும். வீட்டிலிருந்து கோப்பிக் கடை, அங்கிருந்து கோயில் என்று குறைந்த வேகத்தில் ஓட்டினால் பேட்டரிக்கு வருவதைவிடப் போவதுதான் அதிகம், ஒரு மாதத்தில் பழைய ‘டக்’ வந்துவிடும், அப்போது செய்த வேலையெல்லாம் வீண் என்று தோன்றும். எஞ்சினை நிமிடத்துக்கு 4,000 சுற்றில் வைத்து, லைட் போட்டு, பேட்டரியில் அளந்து பாருங்கள், பதின்மூன்றரைக்கு மேல் போனால் நல்லது. ஹெட்லைட்டுக்கு வாட் குறைந்த எல்இடி பல்பு போட்டுவிட்டு, வாரம் ஒருமுறை ஈப்போ வரை ஓட்டிவிட்டு வாருங்கள், வண்டிக்கும் நல்லது.

இந்த ஞாயிறு எர்த்தையும் ஹேண்டில் வயரையும் முடியுங்கள், அரை நாள் வேலை. ரோட்டரைக் கழற்றுகிற அன்று, பல்சக்கரத்தின் கழுத்தைத் துடைத்துவிட்டுக் கட்டைவிரல் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் அப்படியே மாட்டுங்கள். தடுக்கினால் மாட்டாமல் நிறுத்திவிட்டு, பக்கத்தில் சென் காசு ஒன்றை வைத்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், அதே கழுத்தை லேத்தில் சீவலாமா வேறு தேட வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.